ஒரு பைட்டுக்குப் பதினாறு கட்டளைகள்: தொழிற்சாலை நெறிமுறைகளும் உட்பொதி செயலிகளும்

தொழிற்சாலைக் கருவிகளுக்கென விற்கப்படும் உட்பொதி செயலி எதன் டேட்டாஷீட்டைத் திறந்தாலும், முதல் பக்கத்திலேயே ஒரு வரி கண்ணில் படும்: ஈதர்கேட், புரோஃபிநெட், ஈதர்நெட்/ஐபி, புரோஃபிபஸ், மோட்பஸ், கேன் எனத் தொழிற்சாலைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறைகள் எல்லாம் இதில் ஓடும் என்று. வரிசையாக அடுக்கியிருப்பதால் எல்லாம் ஒரே தரத்து வேலை போலத் தோன்றும். ஆனால் மோட்பஸுக்கு ஒரு சீரியல் போர்ட்டும் சில நூறு வரி நிரலும் போதும். கேனுக்கு அதற்கென்றே ஒரு பகுதி சிப்புக்குள் இருந்தாக வேண்டும். ஈதர்கேட் சாதனம் செய்யப் புறப்பட்டால், ஒரு கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலியும் நல்ல ஈதர்நெட் போர்ட்டும் கையில் இருந்தும் வேலை நடக்காது.

இது செயலியின் வேகத்தைப் பொறுத்த விஷயமல்ல. கம்பியில் அடுத்த பிட் வரும் நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியது யார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: மென்பொருளா, சிலிக்கானா, அல்லது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஏதோ ஒன்றா?

மோட்பஸிலிருந்து தொடங்குவோம். 1979இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிகள்) உருவாக்கியது. அதன் ஆர்டியு வடிவத்தில் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று சொல்லத் தனிக் குறி கிடையாது. மூன்றரை எழுத்துக்கான நேரம் கம்பி அமைதியாக இருந்தால் செய்தி முடிந்துவிட்டது என்று பொருள். 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 11 பிட், அதாவது சுமார் 1.15 மில்லிசெகண்ட். எனவே அந்த அமைதி ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட் நீளும். 19200 பாட்டுக்கு மேலே போனால் நிலையாக 1.75 மில்லிசெகண்ட் வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. எந்த மலிவான மைக்ரோகன்ட்ரோலரும் ஒரு டைமரை வைத்து இதைச் சமாளித்துவிடும்.

ஆனாலும் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்எஸ்-485 இணைப்பில் எல்லாச் சாதனங்களும் ஒரே ஜோடிக் கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. அனுப்பி முடித்தவர் உடனே கம்பியை விட்டுவிட வேண்டும். சீரியல் போர்ட்டின் பஃபர் காலியாகிவிட்டது என்று இன்டரப்ட் வரும்போது, கடைசி பைட் இன்னும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கலாம். அப்போதே கம்பியை விட்டால் கடைசி பைட் அறுபடும். விடத் தாமதித்தால் எதிர்முனையின் பதிலில் முதல் பைட் காணாமல் போகும். நூற்பாலைகளில் வரிசையாக எனர்ஜி மீட்டர்களை ஒரே கேபிளில் கோத்து வைத்திருப்பவர்களுக்கு, 'ஏதாவது ஒரு மீட்டர் மட்டும் அவ்வப்போது பதில் சொல்வதில்லை' என்ற புகார் பழக்கமானது. கேபிளை மாற்றி, டெர்மினேஷன் ரெசிஸ்டரை மாற்றி, எர்த்திங்கைத் திட்டித் தீர்த்த பிறகுதான் சந்தேகம் மென்பொருள் பக்கம் திரும்பும். எஸ்டிஎம்32 வகைச் சிப்களில் பலவற்றில் இதற்கென்றே ஒரு பின் இருக்கிறது. கம்பியைப் பிடிப்பதையும் விடுவதையும் வன்பொருளே பார்த்துக்கொள்ளும். மில்லிசெகண்ட் கணக்கில் நடக்கும் இவ்வளவு நிதானமான நெறிமுறையிலேயே நேரத்தின் ஒரு துண்டைச் சிலிக்கானிடம் ஒப்படைப்பதுதான் நிம்மதி.

கேனில் இந்தக் குழப்பமே இல்லை. பாஷ் நிறுவனம் 1986இல் கேனை அறிவித்தது, 1987இல் இன்டெல்லின் 82526 கன்ட்ரோலர் சிப் வந்துவிட்டது. ஒரே நேரத்தில் இருவர் பேச ஆரம்பித்தால், தான் அனுப்பிய பிட்டையும் கம்பியில் தெரியும் பிட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, முன்னுரிமை குறைந்தவர் விலகிக்கொள்ள வேண்டும். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட் 1 மைக்ரோசெகண்ட்தான். இதை மென்பொருளில் செய்ய யாரும் நினைக்கக்கூட இல்லை. அதனால் டேட்டாஷீட்டில் கேன் என்று இருந்தால் கன்ட்ரோலர் உள்ளே இருக்கிறது என்று நம்பலாம். வெளியே, கம்பியோடு இணைக்கும் ஒரு டிரான்சீவர் சிப் போட்டால் போதும். லினக்ஸில் 2008இல் வந்த 2.6.25 பதிப்பிலிருந்தே கேனுக்கான மென்பொருள் வசதியான சாக்கெட்கேன் இருக்கிறது.

சிக்கல் ஈதர்நெட்டில்தான். முதலில், ஏன் இத்தனை நெறிமுறைகள் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. 1990களில் களத்துச் சாதனங்களை இணைக்கும் ஃபீல்டுபஸ் ஒன்றை உலகப் பொதுத் தரமாக்கப் பெரிய சண்டை நடந்தது. ஒவ்வொரு பெரிய நிறுவனமும் தன்னுடையதுதான் வேண்டும் என்று நின்றது. கடைசியில் ஐஇசி 61158 தரம், எட்டு வெவ்வேறு வகைகளை ஒரே அட்டைக்குள் கட்டித் தந்தது. ஈதர்நெட் வந்தால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று அடுத்து நம்பினார்கள். கேபிள் ஒன்றானது, பேச்சு ஒன்றாகவில்லை. சீமென்ஸ் பக்கம் புரோஃபிநெட், ராக்வெல் பக்கம் ஈதர்நெட்/ஐபி, பெக்ஹாஃப் பக்கம் 2003இல் ஈதர்கேட், பி அண்ட் ஆர் பக்கம் பவர்லிங்க், மிட்சுபிஷி பக்கம் சிசி-லிங்க் ஐஇ என்று பழைய அணிகள் புதிய பெயர்களோடு வந்து உட்கார்ந்தன. எச்எம்எஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணிப்பின்படி, புதிதாக இணைக்கப்படும் சாதனங்களில் ஈதர்நெட் வகைகள் பழைய ஃபீல்டுபஸ்களை முந்தியது 2018இல்தான்: 52 சதவீதத்துக்கு 42 சதவீதம். ஆகவே சிப் விற்பவர் யாராயினும் பல அணிகளுக்கும் வழி வைத்தே தீர வேண்டும்.

செயலியின் பக்கமிருந்து பார்த்தால் இந்த நெறிமுறைகள் ஒரே கடினம் கொண்டவை அல்ல. ஈதர்நெட்/ஐபி வழக்கமான டிசிபி, யுடிபி மேலேயே ஓடுகிறது. சாதாரண ஈதர்நெட் போர்ட் இருந்தால், நெறிமுறையைப் பேசும் மென்பொருள் தொகுப்பான ஸ்டாக்கைப் போட்டு ஓட்டிவிடலாம். புரோஃபிநெட்டின் ஆர்டி வகை ஐபியைத் தாண்டிக் குதித்து நேராக ஈதர்நெட் ஃபிரேமில் (கம்பியில் ஒரு தடவையில் போகும் பொதி) தரவை வைக்கிறது. 1 மில்லிசெகண்ட் அளவிலான சுழற்சியை ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் தாங்கும். ஐஆர்டி வகைக்கு வந்தால் கதை மாறுகிறது: சுழற்சி 31.25 மைக்ரோசெகண்ட் வரை இறங்கலாம், ஜிட்டர், அதாவது நேரத் தடுமாற்றம், 1 மைக்ரோசெகண்டுக்குள் இருக்க வேண்டும். இதற்காகவே சீமென்ஸ் எர்டெக் என்ற தனிச் சிப் வரிசையை வைத்திருக்கிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்கள் அடிக்கடி தவறவிடுவது இது. தொழிற்சாலையில் சாதனங்களை ஒரு ஸ்விட்ச்சிலிருந்து நட்சத்திரம் போல் இழுப்பது குறைவு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகத்தான் கேபிள் போடுவார்கள். அப்படியானால் ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு ஈதர்நெட் போர்ட் வேண்டும், உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் வேண்டும். ஒரே ஒரு போர்ட் உள்ள செயலியை எடுத்துக்கொண்டு 'நெறிமுறை ஸ்டாக் ஓடுகிறதே' என்று மகிழ்ந்தால், களத்தில் அதைச் சங்கிலியின் கடைசியில் மட்டும்தான் மாட்ட முடியும். என்னைக் கேட்டால், நெறிமுறைப் பட்டியலைப் படிக்கும் முன் போர்ட் எத்தனை, அவற்றுக்கு நடுவே ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

சரி, ஈதர்கேட். இதில் கட்டளையிடும் மாஸ்டர், அதற்குப் பதில் சொல்லும் ஸ்லேவ் என்ற இரு முனைகளும் சமமல்ல. மாஸ்டர் பக்கத்துக்குச் சாதாரண ஈதர்நெட் போர்ட் போதும். லினக்ஸில் சோயம், ஐஜிஎச் மாஸ்டர் போன்ற திறந்த மூல நிரல்களைக் கொண்டு ஒரு சாதாரணத் தொழிற்சாலைக் கணினியையே மாஸ்டர் ஆக்கலாம். ஸ்லேவ் பக்கம்தான் சிறப்பு வன்பொருள் கேட்கிறது. டேட்டாஷீட்டில் 'ஈதர்கேட்' என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஸ்லேவ் பக்கம் ஏன் அவ்வளவு கடினம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 1518 பைட் உள்ள முழு ஃபிரேம் வந்து சேர 121 மைக்ரோசெகண்ட் ஆகும். வழக்கமான ஸ்விட்ச் போல முழுதும் வாங்கிவைத்துக்கொண்டு பிறகு அனுப்பினால், வரிசையில் 50 சாதனங்கள் இருக்கும்போது கடைசிச் சாதனத்தை அடையவே 6 மில்லிசெகண்ட் போய்விடும். சர்வோ மோட்டார்களோ 1 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை புதிய கட்டளை கேட்கின்றன. எனவே ஈதர்கேட் ஃபிரேமை நிறுத்துவதே இல்லை. அது ஒரு போர்ட்டில் நுழைந்து மறு போர்ட்டில் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே, தனக்குரிய பைட்களைச் சாதனம் படித்துக்கொள்கிறது, தன் பதிலை அதே ஃபிரேமில் செருகுகிறது, வொர்க்கிங் கவுண்டர் எனும் எண்ணைக் கூட்டுகிறது, கடைசியில் பிழை சரிபார்க்கும் சிஆர்சியைப் புதிதாகக் கணக்கிட்டு ஒட்டுகிறது. ஒரு சாதனத்தில் ஆகும் தாமதம் சுமார் 1 மைக்ரோசெகண்ட். 50 சாதனம் என்றால் போகும் வழியில் 50 மைக்ரோசெகண்ட். கடைசிச் சாதனம் அதே கேபிளின் மறு ஜோடியில் ஃபிரேமைத் திருப்பி அனுப்பிவிடும்.

100 மெகாபிட்டில் ஒரு பைட் 80 நானோசெகண்டில் கடக்கிறது. ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அதற்குள் 80 கிளாக் சுழற்சிகள் கிடைக்கும். போதாதா என்று தோன்றும். சராசரிக்குப் போதும். ஆனால் செயலியின் வேகமான உள் நினைவகமான கேஷில் இல்லாத ஒரு நினைவிடத்தைத் தொட்டால் டிடிஆர் நினைவகத்துக்காகக் காத்திருக்க வேண்டும், அந்த ஒரு காத்திருப்பே ஒரு பைட்டின் நேரத்தைத் தின்றுவிடும். இன்டரப்ட் வந்து நிரல் தொடங்குவதற்குள் இன்னும் பல பைட்கள் போயிருக்கும். அதற்கும் முன்னால், சாதாரண ஈதர்நெட் வன்பொருள் முழு ஃபிரேமும் வந்து சேர்ந்த பிறகுதான் செயலியிடமே தரும். பல ஆண்டு உழைப்புக்குப் பின், லினக்ஸை நேரம் தவறாமல் ஓடவைக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்டி 2024இல் 6.12 பதிப்பில் மையக் கெர்னலுக்குள் சேர்ந்தது நல்ல செய்திதான். அதனால் மாஸ்டர் பக்கத்துக்கு நிறைய நன்மை. ஆனால் அது பேசுவது பத்து, ஐம்பது மைக்ரோசெகண்ட் கணக்கில். ஸ்லேவுக்கு வேண்டியது நானோசெகண்ட்.

இதற்கு வழக்கமான தீர்வு, செயலிக்குப் பக்கத்தில் ஒரு தனிச் சிப்பை வைப்பது: பெக்ஹாஃபின் இடி1100, மைக்ரோசிப்பின் எல்ஏஎன்9252 போன்றவை. செயலி, சிப்களை இணைக்கும் எஸ்பிஐ வழியாக அதன் நினைவகத்தைப் படித்தும் எழுதியும் பேசிக்கொள்ளும். கம்பியின் அவசரம் அந்தச் சிப்போடு நின்றுவிடும். அதே பகுதியை, உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் எஃப்பிஜிஏ சிப்புக்குள்ளும் வைக்கலாம், இன்ஃபினியான் எக்ஸ்எம்சி4800இல் செய்ததுபோல மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே பதித்தும் விடலாம். எல்லாம் நன்றாக வேலை செய்யும். குறை ஒன்றுதான். ஈதர்கேட் சிப் ஈதர்கேட் மட்டுமே பேசும். அடுத்த வாடிக்கையாளர் புரோஃபிநெட் கேட்டால் வேறு போர்டு வரைய வேண்டும்.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2011இல் கொண்டுவந்த ஏஎம்335எக்ஸ் வரிசை வேறு வழியில் போனது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வடிவமைப்பும் இதுதான். பெரிய கார்டெக்ஸ்-ஏ8 செயலிக்குப் பக்கத்தில் பிஆர்யு எனப்படும் இரண்டு குட்டிச் செயலிகளை வைத்தார்கள். 200 மெகாஹெர்ட்ஸ் வேகம், கேஷ் கிடையாது, பைப்லைன் கிடையாது, இன்டரப்ட் வந்து நடுவில் இழுத்துக்கொண்டு போவதும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நிரல் வைக்க 8 கிலோபைட், அதாவது மொத்தமே 2048 கட்டளைகள். காகிதத்தில் பார்த்தால் பரிதாபமான செயலி. ஆனால் கணக்குக் கட்டளை ஒவ்வொன்றும் சரியாக 5 நானோசெகண்டில் முடியும், இன்றும் நாளையும் எந்தச் சுமையிலும். ஆர்30 ரெஜிஸ்டரில் எழுதினால் நேராகப் பின்னில் மின்னழுத்தம் மாறும், ஆர்31ஐப் படித்தால் பின்னின் நிலை தெரியும். கம்பியின் மின்குறிகளைப் பிட்களாக்கும் ஈதர்நெட் பிஎச்ஒய் சிப்பிலிருந்து வரும் பைட்களும் அதே வழியில் ரெஜிஸ்டரிலேயே வந்து நிற்கும்.

80ஐ 5ஆல் வகுத்தால் 16. ஒரு பைட் கடந்து போகும் நேரத்தில் பிஆர்யுவுக்குக் கிடைப்பது பதினாறு கட்டளைகள். இந்த பைட் எனக்குரியதா, படிக்கவா எழுதவா, கவுண்டரைக் கூட்டவா, அடுத்த போர்ட்டுக்குத் தள்ளினேனா என எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். சிஆர்சி கணக்கை அருகிலுள்ள தனி வன்பொருள் ஏற்றுக்கொள்கிறது, சின்னதொரு ஃபிஃபோ (வரிசையாகத் தேக்கிவைக்கும் இடம்) கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. மீதி முழுவதும் அசெம்பிளியில் கட்டளை கட்டளையாக எண்ணி எழுதிய நிரல். இது நடக்கிறது, சந்தையில் சாதனங்களாக ஓடுகிறது. ஃபர்ம்வேரை மாற்றி ஏற்றினால் அதே போர்டு புரோஃபிநெட் பேசும், ஈதர்நெட்/ஐபி பேசும்.

பழைய புரோஃபிபஸையும் மறக்கவில்லை. அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட், சாதாரண சீரியல் போர்ட்கள் எட்டாத உயரம். பிஆர்யு பகுதிக்குள் இருக்கும் சீரியல் போர்ட்டுக்கு 192 மெகாஹெர்ட்ஸ் என்ற விநோதமான கிளாக் கொடுத்திருப்பது ஏன் என்று பலர் யோசித்திருப்பார்கள். சீரியல் போர்ட் ஒரு பிட்டை 16 மாதிரிகளாக எடுத்துப் பார்க்கும். 192ஐ 16ஆல் வகுத்தால் 12.

இதிலும் வில்லங்கங்கள் உண்டு. பிஆர்யுவின் துல்லியம் அதன் சொந்த நினைவகத்துக்குள் இருக்கும்வரைதான். வெளியே டிடிஆரிலிருந்து ஒரு சொல்லைப் படிக்கப் போனால், பதில் வரும்வரை அதுவும் மற்றவர்களோடு வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். அடுத்தது, இந்த நெறிமுறை ஃபர்ம்வேர்களைத் தயாரிப்பாளரே பைனரியாகத் தருகிறார். பிஆர்யுவுக்கு நாமே நிரல் எழுதலாம் என்பது உண்மை, ஆனால் ஈதர்கேட்டை நாமே எழுதி விற்கலாம் என்பது நடைமுறையில் கனவு.

மூன்றாவது வில்லங்கம் பார்ட் எண். ஏஎம்3352, 3354 சிப்களில் பிஆர்யு பகுதியே இல்லை. ஏஎம்3356, 3358 இரண்டிலும் உண்டு, ஆனால் ஈதர்கேட்டுக்கு அனுமதி இல்லை. ஏஎம்3357, 3359 இரண்டில் மட்டுமே ஈதர்கேட் ஸ்லேவ் உண்டு. கடைசி ஓர் இலக்கம்தான் வித்தியாசம். பீகிள்போன் பிளாக் போர்டில் முன்மாதிரி செய்து பார்த்துவிட்டு ஈதர்கேட்டுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு முறை ஏமாறுவார்கள். அதில் இருப்பது ஏஎம்3358. தவிர, அதன் ஒரே ஈதர்நெட் போர்ட் பெரிய செயலியோடு இணைந்தது, பிஆர்யுவோடு அல்ல. ஈதர்கேட் பார்க்க வேண்டுமென்றால் பிஆர்யு வழியே இரண்டு போர்ட்டும் இழுக்கப்பட்ட, ஏஎம்3359 உள்ள ஐஸ் போர்டைத்தான் வாங்கியிருக்க வேண்டும்.

கிகாபிட் வேகம் வந்ததும் இந்தக் கணக்கே உடைகிறது. ஒரு பைட்டுக்கு 8 நானோசெகண்ட். 2018இல் வந்த ஏஎம்65எக்ஸ் சிப்பில் பிஆர்யு 250 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, கட்டளைக்கு 4 நானோசெகண்ட். அதாவது ஒரு பைட்டுக்கு இரண்டே கட்டளை. இரண்டு கட்டளையில் எதையும் யோசிக்க முடியாது. எனவே பைட் பைட்டாகப் பார்ப்பதை விட்டு, பெரிய துண்டுகளாகத் தரவை நகர்த்தும் வன்பொருளைக் கூடுதலாக வைத்தார்கள், துணைக்கு இன்னும் குட்டிச் செயலிகளைச் சேர்த்தார்கள். பிறகு வந்த ஏஎம்64எக்ஸில் அப்படி ஒவ்வொரு பகுதிக்கும் ஆறு செயலிகள் ஆகிவிட்டன. நிரலால் எல்லாம் செய்யலாம் என்று தொடங்கிய வடிவமைப்பு, வேகம் கூடக் கூட மெல்லச் சிலிக்கான் பக்கமே நகர்கிறது.

டிஎஸ்என் என்ற பெயரில் ஐஇஇஇ 802.1 குழு கொண்டுவந்த தரங்கள் இந்த நேரக் கட்டுப்பாட்டைப் பொது ஈதர்நெட்டுக்குள்ளேயே வைக்கின்றன. 2015இல் வந்த 802.1கியூபிவி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கதவு வைத்து, எந்த நேரத்தில் எது திறக்கும் என்று அட்டவணை போடுகிறது. என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ் 8எம் பிளஸ் போன்ற பொதுப் பயன்பாட்டுச் செயலிகளிலேயே இப்போது அதற்கான போர்ட் வருகிறது. இது எல்லா நெறிமுறைகளையும் ஒன்றாக்கிவிடும் என்று சொல்பவர்களை நான் அவ்வளவு நம்புவதில்லை. டிஎஸ்என் தருவது சாலையும் சிக்னலும் மட்டும்தான். அதில் போகும் பேச்சு மறுபடியும் புரோஃபிநெட், சிசி-லிங்க், ஓபிசி யுஏ என்று பழைய அணிகளுடையதாகவே இருக்கிறது.

சிலிக்கான் தயாரானாலும் வேலை முடியாது. மேலே நெறிமுறை ஸ்டாக் வேண்டும். ஈதர்கேட்டுக்கு, ஈதர்கேட் டெக்னாலஜி குரூப்பில் கட்டணமில்லாமல் உறுப்பினராகி, பெக்ஹாஃபின் ஸ்லேவ் ஸ்டாக் நிரலைப் பெறலாம். ஈதர்நெட்/ஐபிக்கு ஓபனர் என்ற திறந்த மூல ஸ்டாக் இருக்கிறது. புரோஃபிநெட்டுக்குப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அப்புறம் வென்டர் எண், சாதன விவரக் கோப்பு, தரச் சோதனை. புரோஃபிநெட் சாதனமாக விற்க அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் சான்றிதழ் கட்டாயம், ஈதர்நெட்/ஐபிக்கு அதைப் பராமரிக்கும் ஓடிவிஏ அமைப்பின் இணக்கச் சோதனை. சிப்காரர் தந்த ஃபர்ம்வேரின் புதிய பதிப்புக்கு மாறினால், பழைய சான்றிதழ் செல்லுமா, மறுபடி சோதிக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். டேட்டாஷீட் இந்தச் செலவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

அதனால்தான் ஆண்டுக்குச் சில நூறு சாதனங்கள் மட்டும் விற்கும் சிறு நிறுவனங்கள் பலவும் இந்த வேலையில் இறங்குவதில்லை. ஹில்ஷரின் நெட்எக்ஸ் அடிப்படையிலான மாட்யூலையோ எச்எம்எஸ்ஸின் எனிபஸ் மாட்யூலையோ வாங்கி, தங்கள் செயலியோடு எஸ்பிஐயிலோ சீரியல் போர்ட்டிலோ இணைத்துவிடுகிறார்கள். ஒரு சாதனத்துக்கான விலை கூடும். ஆனால் நெறிமுறைச் சோதனையின் பெரும்பகுதியை மாட்யூல் தயாரித்தவர் ஏற்கெனவே தாண்டியிருப்பார், அடுத்த வாடிக்கையாளர் வேறு நெறிமுறை கேட்டால் மாட்யூலை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டு, அந்த மாட்யூலின் விலை லாபத்தைக் கடிக்க ஆரம்பிக்கும்போதுதான் 3358க்கும் 3359க்கும் உள்ள வித்தியாசத்தை உட்கார்ந்து படிக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.